பலெர்மோவில் நான் வாங்க மறுத்த தந்தச் சிலுவை

போன செப்டம்பரில் கொழும்புக்குப் போகும் வழியில் இத்தாலியின் பலெர்மோவில் நான்கு நாள் தங்கினேன். காரணம் கடல் அல்ல, மன்னாரில் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்த மெற்றில்டா. பதினான்கு வருடமாக அங்கே இருந்துகொண்டு, ஊருக்குப் போகிற எல்லாரிடமும் பார்சல் கொடுத்துவிடுவாள், தான் மட்டும் வரமாட்டாள். விமான நிலையத்திலிருந்து நகருக்கு முப்பத்தைந்து கிலோமீற்றர். பேருந்தில் ஐம்பது நிமிடம், ஆறரை யூரோ. நகர நடுவிலுள்ள பொலிதேயாமா சதுக்கத்தில் இறங்கினால் வசதி.

லிபெர்த்தா வீதியில் அவள் வீட்டோடு பராமரித்த வயதான சிஞ்ஞோரா, அந்த இத்தாலிய அம்மா, அண்மையில்தான் காலமானார். ஞாயிறு இருவரும் மொண்டெல்லோ போனோம். அரை மணித்தியாலப் பயணம், கடற்கரையில் கால் வைக்க இடமில்லை. எங்களுக்கோ பேச்சு ஓயவில்லை. சின்ன வயதில் மடு மாதா கோயிலுக்கு நடந்து போனபோது காட்டுப் பாதையில் ஒரு கொம்பன் யானை மறித்து நின்றது. கூட்டமே செபமாலையோடு உறைந்து நிற்க, இவள் மட்டும் "எடி, என்ன வடிவாய் நிக்குது!" என்று கிசுகிசுத்தாள். ஐயோ, அந்த நாட்கள்!

புறப்படும் காலை எனக்கும் ஒரு பார்சல் வந்தது. அதைப் பிரித்துப் பார்ப்பது எங்கள் சனத்தில் மரியாதை இல்லை. நான் பிரித்தேன். துவாய்க்குள் ஒரு சாண் சிலுவை, முழுக்க யானைத் தந்தம்.

"சிஞ்ஞோரா தந்தது. மகனுக்கு இஞ்சை இருக்கிற பெர்மெசோ, அதுதான் விசா, கிடைச்சால் மடு மாதாவுக்கு வைக்கிறன் எண்டு நேர்ந்தனான். கிடைச்சிட்டுது. கொண்டுபோய் வையடி."

"பேப்பர் இல்லாமல் தந்தம் கொண்டுபோகேலாது. பழசெண்டாலும் பறிப்பாங்கள், வழக்கும் வரும்."

"சின்னச் சாமான்தானே. ஆர் பாக்கப் போகினம்?"

"இப்பிடிச் சின்னச் சின்னச் சாமானுக்குத்தான் கொம்பனுகளைச் சுட்டவங்கள். மடுப் பாதையிலை நிண்டதை மறந்திட்டியே?"

அவள் முகம் கறுத்துவிட்டது. "நேர்த்தியை முடிக்காமல் நான் என்னெண்டு நித்திரை கொள்ளுறது?" என்று அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. ஆனாலும் சிலுவையை மேசையிலேயே வைத்துவிட்டேன்.

பலெர்மோ போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: யார் பார்சல் தந்தாலும் அவர்கள் முன்னாலேயே பிரித்துப் பாருங்கள், கோபித்தால் கோபிக்கட்டும். வீட்டில் பழைய தந்தம் இருந்தால், அசைக்கமுன் உரிய அலுவலகத்தில் விசாரியுங்கள்.

பேருந்து நிறுத்தம்வரை மெற்றில்டா என் பெட்டியை இழுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். நான் ஏறிய பிறகுதான் கதவடிக்கு ஓடிவந்தாள்.

"எடி, அது இஞ்சையே கிடக்கட்டும். வாற ஆவணித் திருநாளுக்கு மடுவுக்கு வெறுங்கையோடை நானே நடந்து வாறன்."