அட்டைக்கு உள்ளே ஒரு தோத்தாபுரி

எங்கள் கேசியா அக்காவுக்கு என்ன வேலை என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். எங்கள் நைனா, அதாவது அப்பா, "கம்ப்யூட்டர்" என்பார். சர்ச்சில் பாஸ்டரின் மனைவி ஐயரம்மா "சாஃப்ட்வேர்" என்று ஜெபத்தில் சேர்த்துக்கொள்வார். நான் மட்டும்தான் உள்ளதைச் சொல்வேன்: "படம் பாத்து கத சொல்றது." அதற்காக இரண்டு முறை அடி வாங்கியிருக்கிறேன்.

ஆனால் வேலை அதுதான். அமெரிக்காவில் பல்கலைக்கழகங்கள் ஆராய்ச்சி இதழ்கள் போடுகின்றன. கண் தெரியாதவர்களும் அவற்றைப் படிக்கிறார்கள். அவர்களுடைய கம்ப்யூட்டர் எழுத்தை உரக்க வாசித்துக் காட்டும். படம் வந்தால் மட்டும் அதற்கு வாய் வராது. படத்தில் என்ன இருக்கிறது என்று யாராவது இரண்டு வரி எழுதி வைத்தால்தான் வாசிக்கும். அந்த யாராவது, திருப்பதியில் ஒரு கம்பெனியின் இரண்டாவது மாடியில் உட்கார்ந்திருக்கிற எங்கள் அக்கா. சித்தூரிலிருந்து தினமும் ஆறரை மணி பஸ்.

உட்கார்ந்திருக்கிற என்பதை அழுத்திப் படிக்கவும். இதற்கு முன் மூன்று வருஷம் அவள் ஒரு புடவைக் கடையில் நின்றுகொண்டிருந்தாள். பி.ஏ. இங்கிலீஷ் முடித்தவள், காலை பத்து மணியிலிருந்து கடை சாத்தும்வரை நின்றபடி புடவை விரித்தாள். வீடு திரும்பும்போது கால் இரண்டும் பூசணிக்காய் மாதிரி இருக்கும். உப்புப் போட்ட வெந்நீர் வைத்துக் கொடுப்பது நான். கூலியாக அவள் பங்கு மிக்சரை எடுத்துக்கொள்வேன்.

புது வேலையில் ஆறு மாதம் சோதனைக் காலம். அது முடிந்தால் பர்மனென்ட் லெட்டர், இல்லாவிட்டால் மறுபடியும் புடவைக் கடை. இந்த ஜூன் மாதம்தான் ஆறாவது மாதம்.

அவளிடம் வருகிற இதழ்களில் அவளுக்குப் பிடித்தது ஒன்று. லத்தீனெக்ஸ் ஆய்வுகள். மெக்சிகோ, போர்ட்டோ ரிக்கோ போன்ற இடங்களிலிருந்து போய் அமெரிக்காவில் குடியிருக்கிறவர்களின் பிழைப்பு, பேச்சு, பாட்டு, சண்டை எல்லாவற்றையும் ஆராய்கிற இதழ். வீட்டில் ஒன்று, ஆபீசில் ஒன்று என்று இரண்டு பாஷையைக் கலந்து பேசுகிறவர்களைப் பற்றி அதில் நாற்பது பக்கம் வந்ததாம். "நம்மள மாரியே கீறாங்கடி," என்றாள். நாம் அதற்காகப் பக்கம் எதுவும் எழுதவில்லையே என்றேன்.

இங்கே என் பாவத்தையும் சொல்லிவிட வேண்டும். மே மாதம், பொழுது போகாமல், 'டாக்டர் யாகேல், அமெரிக்கா' என்று ஒரு மெயில் ஐடி திறந்தேன். "நீங்கள் எழுதிய பட விவரணையைக் கேட்டு என் நாய் அழுதது" என்று அக்காவுக்கு ஒரு பாராட்டுக் கடிதம் அனுப்பினேன். அவள் அதை ஆபீஸ் முழுக்கக் காட்டிவிட்டாள். யாகேல் என்பது பைபிளில் கூடார ஆணியை எடுத்து ஒருத்தன் நெற்றியில் அடித்தவள் பெயர் என்பது அவளுக்கு பஸ்ஸில்தான் உறைத்தது. ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

ஜூன் பத்தாம் தேதி வாக்கில் அந்தப் படம் வந்தது. மெக்சிகோவில் மாம்பழம் அடுக்கி வாழ்ந்த பெண்களையும் பிறகு அமெரிக்காவுக்குப் போன அவர்கள் மகள்களையும் பற்றிய கட்டுரை. முதல் பக்கத்தில் பெரிய வண்ணப்படம்: இரண்டு கை, ஒரு மாம்பழம், பின்னால் மரப்பெட்டி. கட்டுரையின் நாலாம் பக்கத்தில் அந்த ஊர்ப் பழத்தின் விவரம் இருந்தது. சின்னது, தட்டை, முழு மஞ்சள். படத்தில் இருந்ததோ நீளமாக, பச்சையாக, நுனியில் கிளி மூக்கோடு. அது தோத்தாபுரி. சித்தூரில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும்.

அன்று சாயங்காலம் வந்ததும் வராததுமாக நைனாவிடம் ஒரு காகிதத்தில் வரைந்து காட்டினாள். நைனா ஏசுரத்தினம், ஜூஸ் ஃபேக்டரியில் லாரி எடை போடுகிறவர். ஜூன் மாதம் அவர் சட்டையே மாம்பழ வாசனை அடிக்கும்.

"தோத்தாபுரிதான். இதுக்கு இன்னா இப்போ?"

"மெக்சிகோ பழம்னு போட்டுகீறாங்க நைனா."

"போட்டா போட்டுக்கினு போறான். உனக்கு இன்னா நஷ்டம்? மாங்கான்னு எழுதிட்டு வந்து சோறு துன்னு."

டீம் லீடர் கேசவன் சாரும் அதையேதான் சொல்லியிருந்தார். அவர் புத்தூர்க்காரர், பேச்சில் பாதி தெலுங்கு, குரலில் எப்போதும் ஜலதோஷம்.

"ஏம்மா கேசியா, நம்ம பணி பாக்கிறத எழுதறது. கேள்வி கேக்கிறது எடிட்டிங் ஆளுங்களோட பணி. உனக்கு இன்னும் இருபது நாளு. புரியுதா?"

அக்காவால் முடியவில்லை. "கண்ணு தெரிஞ்சவன் பாத்துக்குவான்டி. தெரியாதவங்களுக்கு நான் சொல்றதுதான் படம். வெறும் மாங்கான்னா மறைக்கிறது. கிளி மூக்குன்னா கட்டுரையே பொய்யாப் போவுது," என்றாள். பாதி சோற்றில் எழுந்து கை கழுவினாள்.

மறுநாள், ஆசிரியருக்கான கேள்வி என்கிற கட்டத்தில், அவள் தொடவே கூடாத கட்டத்தில், எழுதி அனுப்பிவிட்டாள்: 'இந்தப் படத்தில் இருப்பது எங்கள் மாவட்டத்து மாம்பழம். நாலாம் பக்கத்தில் சொல்லியிருப்பது இது இல்லை. தயவுசெய்து சரிபார்க்கவும்.' கேசவன் சார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சுவர் காலண்டரைப் பார்த்துவிட்டுப் போய்விட்டாராம். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மூன்றாம் நாள் காலை எனக்கு போன். பஸ்ஸிலிருந்து.

"ஏண்டி எலிசா, உனக்கு வெக்கமே கெடையாதா?"

"இன்னா பண்ணேன்?"

"நகோமியாம், நகோமி! பைபிள வுட்டா உனக்கு வேற பேரே கெடைக்கலியா? 'என் கட்டுரைக்கு எங்க அம்மா போட்டோதான் குடுத்தேன், மங்கலா கீதுன்னு எடுத்துட்டு இந்த மாங்காவ போட்டுட்டாங்க'ன்னு எழுதிகீற. என்ன அழ வெக்கிறியா?"

"யக்கா, சத்தியமா நான் இல்ல."

"போன தடவயும் இப்படித்தான் சொன்ன."

செய்யாத குற்றத்துக்குத் திட்டு வாங்கி எனக்குப் பழக்கமில்லை. ஆனாலும் கேட்டேன், "பதில் போட்டியா?"

"போட்டேன். மொதல்ல கணக்குப் பரீட்ச பாஸ் பண்ணு, அப்பறம் புரொபசர் ஆகலாம். சிங்க்ல பாத்திரம் கெடக்குது, போய்க் கழுவுன்னு போட்டேன். இங்கிலீஷ்லதான்."

"அட்ரஸ பாருக்கா."

பஸ் ஹாரன் மட்டும் கேட்டது. அப்புறம், "ஐயோ ஏசப்பா" என்று ஒரு சின்னக் குரல்.

அது நிஜப் பேராசிரியர். பெயர் நொயெமி பராஹாஸ் (நம் நகோமிதான்), கலிபோர்னியாவில் ஒரு பல்கலைக்கழகம், அந்தக் கட்டுரையை எழுதியவர். அவர் மெயிலில் இதழாசிரியரும் இருந்தார், கேசவன் சாரும் இருந்தார். அக்கா எல்லாருக்கும் சேர்த்தே பதில் போட்டிருந்தாள்.

அன்றைக்கு அக்காவுக்காக நான் அந்தப் பேராசிரியருக்கு எழுதிய மெயிலைப் பற்றி இங்கே விவரிக்கப்போவதில்லை. அதில் பதினொரு தப்பு இருந்ததாக அக்கா பிறகு எண்ணிச் சொன்னாள். புடவைக் கடை, வெந்நீர் எல்லாம் ஏன் எழுதினாய் என்று மட்டும் அவள் கேட்கவில்லை.

இரண்டு நாள் கழித்து அக்காவுக்குப் பதில் வந்தது. 'கணக்கில் நானும் இரண்டு முறை தேறவில்லை. என் சிங்க்கிலும் பாத்திரம் கிடக்கிறது. உங்கள் கேள்வியால் அந்தத் தவறான படத்தை எடுத்துவிட்டார்கள். என் அம்மாவின் படம் மங்கலாக இருந்தாலும் போடச் சம்மதித்துவிட்டார்கள். அதற்கு விவரணையை நீங்கள்தான் எழுத வேண்டும்.' கூடவே அந்தப் படம்.

கேசவன் சார் அக்காவைக் கூப்பிட்டார். "ரூல்படி உன்ன அனுப்பணும். அவங்க உன்னத்தான் கேக்கிறாங்க. எழுதிக் குடு. அவங்க சரின்னா லெட்டர். ஏதாச்சும் தப்புன்னா, நான் ஒண்ணும் பண்றதுக்கில்ல. சரேனா?"

அந்த ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் மூன்று பேரும் அந்தப் படத்தின் மேல் குனிந்துகொண்டோம். கறுப்பு வெள்ளை. பெட்டிகளுக்கு நடுவே மூன்று பெண்கள். நடுவில் இருப்பவள்தான் பேராசிரியரின் அம்மா, பதினைந்து வயதிருக்கும். முகம் மட்டும் தண்ணீரில் கரைந்த மாதிரி.

"பழம் சின்னது. கைக்குள்ள அடங்குது," என்றார் நைனா, எடை போடுகிற குரலில்.

"சிரிக்கிறாள்னு எழுது," என்றேன்.

"பல்லு தெரியுதா?" என்றாள் அக்கா.

"தெரியல."

"அப்போ எழுதக் கூடாது."

"சும்மா எழுதுக்கா. அவங்க அம்மா, அவங்க சந்தோஷப்படுவாங்க."

"சந்தோஷப்படுத்தறதுக்கு நீ போய் யாகேல்னு மெயில் போடு."

படத்தை இழுத்துப் பெரிதாக்கினாள். சுருக்கினாள். ஓரங்களைப் பார்த்தாள். ஒரு மணி நேரம். கறி ஆறிப்போயிற்று. கடைசியில் அவள் எழுதியது இவ்வளவுதான்:

'மாம்பழப் பெட்டிகளுக்கு நடுவே மூன்று இளம்பெண்கள். நடுவில் இருப்பவள் கையில் ஒரு சிறு மாம்பழம். படம் எடுக்கும்போது அசைந்துவிட்டதால் அவள் முகம் தெளிவாக இல்லை. மற்ற இருவரும் கேமராவைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.'

செவ்வாய்க்கிழமை மெயில் வந்தது. இதழாசிரியரிடமிருந்து ஒரே வார்த்தை, சரி. அதன் கீழே பேராசிரியர் எழுதியிருந்தார்: 'முப்பது வருஷமாக இந்தப் படத்தில் அம்மாவை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் எழுதியதை அம்மாவுக்கு போனில் வாசித்துக் காட்டினேன். இடது பக்கம் நிற்பவள் கிள்ளிவிட்டாளாம். அதனால்தான் அசைந்தாராம். சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்.'

பர்மனென்ட் லெட்டரை நைனா பீரோவில் வைத்துப் பூட்டினார். அந்தக் கிள்ளியவள் இப்போது எங்கே இருக்கிறாள் என்று கேட்டு எழுதச் சொன்னேன்.

அக்கா எழுதியிருக்கிறாள்.