ஏழு பேருக்கான மூச்சு

தம்பி வீட்டை விட்டுப் போனது ஒரு திங்கட்கிழமை. காலை பத்தரை மணிக்கு அக்கா கிடங்கு மேலாளரின் அறையில் உட்கார்ந்து உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அதே நேரத்தில் அவன் வீட்டில் பையைக் கட்டிக்கொண்டிருந்தான். அவள் திரும்பி வந்தபோது கொடியில் அவன் சட்டைகள் இல்லை. வேலைக்குப் போட்டுப்போகும் இரும்பு முனை பூட்ஸ் மட்டும் வாசலில் திசைக்கொன்றாகக் கிடந்தது. அம்மா அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. "இப்ப உனக்கு நிம்மதியா?" என்று உள்ளேயிருந்தே கேட்டாள்.

அக்காவுக்கு அப்போது இருபத்தாறு வயது. கிடங்கில் சாவி கொடுக்கும் வேலை. சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டிகள் ஏழு, ஓட்டுகிறவர்கள் ஏழு பேர், ஒருவனுக்கும் முப்பது ஆகவில்லை. காலையில் ஒவ்வொருவனும் அவள் மேசைமேல் இருக்கும் கருவியில் தன் எண்ணை அழுத்திவிட்டு ஊதவேண்டும். ஆறு விநாடி, இடைவிடாமல். மூச்சில் மது இல்லையென்றால் திரையில் சைபர் வரும், சாவிப் பெட்டி திறக்கும்.

அன்றைய லோடு முழுக்க ஏறிவிட்டால், சாயங்காலம் மேற்பார்வையாளரே பின்கட்டில் பீர்ப் பெட்டிகளை இறக்குவார். காலி அட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து குடிக்காதவனுக்கு மறுவாரம் பிரேக் சரியில்லாத வண்டியும் மொட்டை வெயிலில் வேலையும் வந்து விழும். யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, தெரியாதவரும் இல்லை.

சேர்ந்த புதிதில் அவளும் ஒரு மடக்கு குடித்தாள். குடித்த கையோடு மேற்பார்வையாளரின் புது ஷூமேல் வாந்தி எடுத்தாள். எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "இவளுது சைபர் உடம்புப்பா, விட்டுருங்க" என்றார் அவர். அன்றிலிருந்து அவள் பெயரே சைபர்.

மறுநாள் காலை ஒருவன் கண் சிவக்க வந்து நின்றான். "சைபரு, எனக்கும் சேத்து ஒரு ஊது ஊதிடேன். கேக்குல மெழுகுவர்த்தி அணைக்கறதா நெனச்சுக்கோ."

சிரித்துக்கொண்டே ஊதினாள். இரண்டே மாதத்தில் எல்லாருக்கும் அவள்தான். டீ மேசைக்கே வந்தது. உடைந்த நாற்காலி மாறியது. ஓர் ஓட்டுநர் வேலையை விட்டதும் அந்த இடத்துக்குத் தம்பியைப் பற்றிப் பேச்செடுத்தாள். மேற்பார்வையாளர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சரியென்றார்.

தம்பிக்கு இருபத்தொன்று. மூன்று மாதத்தில் பின்கட்டில் அவன் குரல்தான் ஓங்கிக் கேட்டது. அவன் எண் கடைசி. ஆறு பேருக்கு ஊதி முடித்த பிறகு அவளிடம் மூச்சு மிச்சமிருக்காது. கருவி ஏற்காமல் கத்தும். மேசையைப் பிடித்துக்கொண்டு, கண் இருட்ட, மறுபடி ஊதுவாள்.

அந்த வியாழக்கிழமையும் அவனுக்கு இரண்டு தடவை ஊதினாள். ஒன்பது மணிக்கு அவன் வண்டி மூலையில் அகலமாகத் திரும்பி, சரக்கை நிறுக்கும் எடைமேடைக்காரரைச் சுவரோடு சேர்த்து நசுக்கியது. வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

விசாரணை அரை நாளில் முடிந்தது. ஓட்டுநர் ஊதியது ஆறு ஐம்பத்திரண்டுக்கு, முடிவு சைபர். ஆகவே மஞ்சள் கோட்டைத் தாண்டி வண்டிப் பாதையில் நடந்தது எடைமேடைக்காரரின் தவறு. "மெஷினே சொல்லிடுச்சு. நீ எதுவும் சொல்ல வேண்டியதில்ல" என்றார் மேற்பார்வையாளர்.

பத்து நாள் அவள் எதுவும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனாள். எடைமேடைக்காரர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

"யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேம்மா. கோட்டைத் தாண்டுன ஞாபகமே இல்ல" என்றார். "ஆனா அவன் சைபர்னா, தப்பு எம்மேலதானே இருக்கணும்?"

அன்று சாயங்காலம் தம்பியிடம் சொன்னாள். "நாளைக்கு உண்மையைச் சொல்லப்போறேன். நீயும் வாடா, சேந்தே சொல்லிடலாம்."

"எனக்கு ஊதச்சொல்லி உன்னை நான் கேட்டனா? முதல் நாளே நான் வர்றதுக்கு முன்னாடி நீயாத்தானேக்கா ஊதி வெச்சிருந்த?"

அவன் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

மேலாளரிடம் ஏழு பேரையும் சொன்னாள். அவர் ஒருவனை மட்டும் எழுதிக்கொண்டு, இது போதும் என்று பேனாவை மூடினார். எடைமேடைக்காரர்மேல் இருந்த பழி நீங்கியது. அக்காவுக்கும் தம்பிக்கும் வேலை போயிற்று. மற்ற ஆறு பேரும் மறுநாள் வண்டி ஓட்டினார்கள். அவள் மேசையில் இப்போது வேறொரு பெண் இருக்கிறாள். அவளுக்கும் குடித்தால் ஒத்துக்கொள்ளாதாம்.

அக்கா ஒரு மருந்துக்கடையில் சேர்ந்தாள். அம்மா அவளுக்குச் சோறு போட்டாள். பேச்சு மட்டும் எண்ணி எண்ணித்தான் வந்தது. ஒவ்வொரு மாதமும் தம்பியின் பழைய எண்ணுக்கு, 'எங்கடா இருக்கே, குடிக்காம இருக்கியா, அது மட்டும் சொல்லு' என்று அனுப்புவாள். எதுவும் போய்ச் சேரவில்லை.

இரண்டு வருடம் ஏழு மாதம் கழித்து ஒரு மத்தியானம், இருமல் மருந்துப் புட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, தெரியாத எண்ணிலிருந்து வந்தது:

'அக்கா, நான்தான். துறைமுகத்துல வண்டி ஓட்டறேன். பசங்க எல்லாம் நல்ல மாதிரி. இங்கயும் காலையில ஊதணும். சாவி மேசையில அடுத்த மாசம் ஒரு இடம் காலியாகுது. உன்னைப் பத்திச் சொல்லி வெச்சிருக்கேன். வருவியா?'