அறுப்பு முடியட்டும் என்றேன்

ஓய்வுக்காலத்தைச் சிங்கப்பூரிலேயே கழிப்பதென்று நானும் கணவரும் முடிவு செய்திருந்தோம். அவருக்கு டயாலிசிஸ் நடப்பது அங்கேதான். இருவருக்கும் நிரந்தரவாச உரிமை இருந்தது. எங்கள் நிலத்தின் சம்பா அறுவடைக்காக நான் மட்டும் ஊருக்கு, குத்தாலம் வந்தேன்.

மழை விடவில்லை. கதிர் சாய்ந்து கிடந்தது. கணவர் போனில், "நீ திரும்பி வர்றதுக்கான அனுமதி முடியப் போகுது. முதல்ல அதைப் புதுப்பி" என்றார்.

"அறுப்பு முடியட்டும்ங்க, பார்த்துக்கலாம்" என்றேன். கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றையும் எங்கள் பக்கம் அப்படித்தான் தள்ளிப்போடுவோம். யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டுவிட்டு விண்ணப்பிக்க உட்கார்ந்தபோது கெடு தாண்டியிருந்தது. அந்த அனுமதி இல்லாமல் சிங்கப்பூருக்கு வெளியே இருந்தால் நிரந்தரவாச உரிமையே போய்விடும் என்பது அப்போதுதான் தெரிந்தது. கெஞ்சி எழுதினேன், மறுத்துவிட்டார்கள்.

"டயாலிசிஸுக்கு நான் தனியாவே போயிக்கிறேன், நீ அழாதே" என்றார் கணவர்.

இப்போது சுற்றுலா வருபவர்களைப்போல் சில வாரங்கள் என் வீட்டுக்கே விருந்தாளியாகப் போகிறேன். நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டேன். அவர் பக்கத்தில் இருக்கக் கிடைக்கும் நாட்களில் ஒன்றைக்கூட நெல்லுக்குக் கொடுப்பதில்லை.