ரொஸ்னா புத்ராஜெயாவுக்குப் போகிறாள்

அந்தச் சனிக்கிழமை காலையில் குணாளன் ஹெல்மெட்டை எடுத்து மாட்டுவதும் கழற்றி வைப்பதுமாக இருந்தான். சூலியா தெருவில் ரொஸ்னாவின் அண்ணன் நடத்தும் நாசி கண்டார் சோற்றுக் கடையில் மத்தியானம் அவளுக்குப் பிரிவு விருந்து. திங்கட்கிழமை அவள் அரசாங்கத் தலைமையகமான புத்ராஜெயாவில் ஒரு துணையமைச்சரின் அலுவலகத்தில் தகவல் அதிகாரியாகச் சேருகிறாள்.

"போறதுன்னா போங்க, இல்லன்னா உக்காருங்க லா. நீங்க நடக்கிறதப் பாத்து எனக்குத் தலை சுத்துது," என்றாள் மனைவி சாந்தினி.

குணாளன் தொழிற்சாலை ஸ்டோரில் வேலை பார்ப்பவன். இரண்டாயிரத்து எட்டுத் தேர்தல் சூட்டில் தமிழில் அரசியல் வலைப்பதிவு தொடங்கினான். அப்போது பினாங்கில் அப்படி எழுதியவர்கள் பலர். ஃபேஸ்புக் வந்ததும் ஒவ்வொருவராகக் கலைந்து போக, மிஞ்சியது இவனும் ரொஸ்னாவும்தான். வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை பார்த்த அவள் ஆதாரம் கையில் இல்லாமல் எழுத மாட்டாள். இவனுக்குக் கோபம் வந்தால் போதும். அதனால் இருவருக்கும் ஓயாத சண்டை.

ஒருமுறை மலைச்சரிவில் வீடு கட்டும் திட்டம் பற்றி அவன் எழுதியதற்காகப் போலீஸ் நிலையத்துக்கு அழைத்தார்கள். அந்தப் பதிவில் பாதி வெறும் யூகம் என்று அதே வாரம் தன் பக்கத்தில் எழுதியவள் ரொஸ்னா. ஆனாலும் லீவு போட்டுவிட்டு வந்து, சாந்தினிக்குத் துணையாக நிலைய வாசலில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தாள். அவன் வெளியே வந்ததும், சாப்பிட்டீர்களா என்று மட்டும் கேட்டாள். அதை அவன் மறக்கவில்லை. அதனால்தான் அவள் அரசாங்கத்தில் சேரும் செய்தி அவனை இப்படி அலைக்கழித்தது.

கடைசியில் மோட்டார் சைக்கிளோடு, தீவுக்குப் போகும் ஃபெர்ரியில் ஏறினான். அவளிடம் என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தும் ஒன்றும் மனதில் நிற்கவில்லை.

கடையில் பழைய பதிவர்கள் அவளைப் புகழ்ந்து பேசினார்கள். இவனையும் இரண்டு வார்த்தை பேசச் சொன்னபோது தொண்டை சரியில்லை என்று தட்டிக் கழித்தான். பிறகு ரொஸ்னா தன் தட்டோடு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"நாளைக்கு அவங்க பொய் எழுதச் சொன்னா என்ன செய்வே?" என்று கேட்டான்.

"இவ்வளவு வருஷம் வெளியில நின்னு கத்தி, உடைஞ்ச லோங்காங் சாக்கடைக்கு ஒரு மூடி போட வைக்க முடியல அண்ணே. உள்ள போய்ப் பாக்கிறேன். முடியலன்னா வந்துடுவேன்."

"போனவங்க யாரும் வந்ததில்ல."

அவள் சோற்றைப் பிசைந்தபடி இருந்தாள். அவன் பாதியில் எழுந்து கை கழுவிவிட்டு, போய் வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் கிளம்பினான்.

அன்றிரவு வீட்டில் அவளைப் பற்றி எழுத உட்கார்ந்தான். பாராட்டி எழுதினால் போலியாக இருந்தது, திட்டி எழுதினால் அதைவிடப் போலியாக இருந்தது. வேறு எதையும் எழுத ஓடவில்லை. கணினியைத் திறப்பான், எழுந்து போய்ப் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றுவான், மறுபடி வருவான்.

சில மாதம் கழித்து, தாசேக் கெலுகோர் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளிக்கு நிலம் கிடைத்துவிட்டதாகத் துணையமைச்சரின் அறிக்கை வந்தது. சின்னச் சின்ன வாக்கியங்கள், அலங்காரம் இல்லாத தமிழ். ரொஸ்னாவின் கை என்று முதல் வரியிலேயே தெரிந்தது. தாசேக் கெலுகோர் அவன் பிறந்த ஊர். மோட்டாரை எடுத்துக்கொண்டு போனான். சொன்ன இடத்தில் எண்ணெய்க்காக நட்ட செம்பனை மரங்கள் அப்படியே நின்றன. கடிதம் எதுவும் வரவில்லை என்றார் பள்ளி வாரியத் தலைவர். அன்றே படங்களோடு பதிவு போட்டான். அறிக்கையை எழுதியவர் நிலத்தைப் பார்க்காமல் எழுத மாட்டார் என்று நம்பியிருந்ததாகக் கடைசியில் சேர்த்தான்.

மறுநாள் அவள் கூப்பிட்டாள். குரலில் அவ்வளவு கோபம். அமைச்சுக் கூட்டத்தில் ஒப்புதல் கிடைத்த தாளைப் பார்த்துத்தான் எழுதினாளாம்.

"ஒரு போன் போட்டிருக்கலாம்ல அண்ணே? அங்க எல்லாரும் என்னைத்தான் பாக்கிறாங்க."

"போட்டிருந்தா எழுதியிருக்க மாட்டேன். அதான் போடல."

பிறகு அவள், பதிவைப் பார்த்ததும் அறிக்கையைத் திருத்தக் கேட்டதாகவும் மேலே மறுத்துவிட்டதாகவும் சொன்னாள்.

அந்த வார இறுதியில் அவளே கார் ஓட்டிக்கொண்டு தாசேக் கெலுகோர் வந்தாள். செம்பனைகளுக்கு நடுவே இருவரும் நடந்தார்கள். அவள் நிறையப் படம் எடுத்தாள், வாரியத் தலைவரிடம் பேசினாள். கிளம்பும்போது சாந்தினியைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். எப்போது அடுத்து வருவாய் என்று குணாளன் கேட்டான். தெரியவில்லை என்றாள். இந்தத் தடவை கார் திருப்பத்தில் மறையும் வரை அவன் கையாட்டிக்கொண்டு நின்றான்.

பிறகு நில அளவையாளர்கள் வந்து மரங்களுக்கிடையே எல்லைக் கட்டை அடித்துவிட்டுப் போனார்கள். அதில் அவள் பங்கு என்ன என்று கேட்டதற்கு, அதையெல்லாம் எழுதிவிட வேண்டாம் என்று மட்டும் பதில் அனுப்பினாள். நில உரிமைக் கடிதம் இன்னும் வரவில்லை. பல நாள் வேலை முடிந்ததும் குணாளன் வீட்டுக்குப் போகாமல், கட்டைகள் அங்கேயே இருக்கின்றனவா என்று பார்க்க அந்தப் பக்கம் வண்டியைத் திருப்பிவிடுகிறான்.