கடலுக்கு ஊற்றாத பால்

என் மூத்த மகள் பிறந்து ஐந்தாம் நாள் இறந்துபோனாள். கிருமித் தொற்று என்று டொக்டர் சொன்னார். அவளைச் சேமக்காலையில் அடக்கம் செய்துவிட்டு வந்த பிறகும் என் மார்பில் பால் நிற்கவில்லை. அதைவிடக் கொடுமை ஒன்று இருந்தது. உச்சி வெயிலில், காற்று விழுந்து கடல் அசையாமல் கிடக்கிற நேரத்தில், கரையில் கவிழ்த்து வைத்த படகுகளின் பக்கம் ஒரு பச்சைக் குழந்தை அழும். போய்ப் பார்த்தால் காய்கிற கருவாடும் மணலும்தான் இருக்கும். வீட்டுக்குத் திரும்பும்போது என் சட்டை நனைந்திருக்கும். பைத்தியம் பிடிக்கப்போகிறது என்று பயந்தேன். என் கணவர் யூட்டுக்குக்கூடச் சொல்லவில்லை.

நான் நானாட்டானில் வயல் செய்யும் குடும்பத்துப் பெண். கலியாணம் முடித்துப் பேசாலைக்கு வந்தவள். யூட்டின் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. பிள்ளை பிறந்ததும் தாயிடம் முதலில் ஊறுகிற மஞ்சள் பாலைச் சிரட்டையில் எடுத்துக் கடலில் ஊற்றுவார்கள். ஊற்றினால் அந்த வீட்டு ஆண் கடலிலிருந்து திரும்பி வருவான் என்பது நம்பிக்கை. யூட்டின் அம்மாவான என் மாமிக்குக் கடைசிப் பிள்ளை பிறந்தபோது சண்டையால் இடம்பெயர்ந்து காட்டுக்குள் இருந்தார்களாம். ஊற்ற முடியவில்லை. ஊர் திரும்பிய மாதமே மாமா கடலோடு போய்விட்டார். உடம்புகூடக் கிடைக்கவில்லை. அப்படிப்பட்ட மனுஷியோடு நான் என்னத்தை வாதாடுவது? மூத்தவளின் பாலை முதல் மூன்று நாளும் சிரட்டைக்குக் கொடுத்தேன். பிள்ளைக்குச் சீனித் தண்ணீர் பருக்கினோம்.

இரண்டாவது பிள்ளை வயிற்றில் ஏழு மாதமாக இருந்தபோது, கிளினிக்குக்குக் கணவனும் மனைவியும் சேர்ந்தே வரவேண்டும் என்று மிட்வைஃப் மிஸ் சொல்லிவிட்டார். ஆண்கள் எல்லாரும் களவில் பிடிபட்டவர்கள் போலப் பின்வரிசை வாங்கில் இருந்தார்கள். மிஸ் ஒரு பொம்மையையும் துணியில் தைத்த மார்பையும் எடுத்ததும், யூட் கூரையைப் பார்க்கத் தொடங்கினார்.

“பிறந்து ஒரு மணித்தியாலத்துக்குள்ள பிள்ளையை நெஞ்சோட போடுங்கோ. முதல் வாற மஞ்சள் பால் கொஞ்சந்தான். ஆனா நோய் அண்டாமல் காக்கிறது அதுதான். ஒரு துளியும் ஊத்தாதேங்கோ. சீனித் தண்ணியும் வேண்டாம்,” என்றார் மிஸ்.

மூத்தவளுக்கு அதில் ஒரு துளிகூடக் கொடுக்கவில்லையே என்று நினைத்தேன். வீட்டுக்கு வரும் வழியில் யூட் கடலைப் பார்த்தபடி நடந்தார்.

“அம்மா விடமாட்டா,” என்றார். கொஞ்சத் தூரம் நடந்தபின், “எனக்கும் பயமாத்தான் கிடக்கு,” என்றார்.

பிள்ளைக்குக் கொடுத்தால் கடல் இவரை எடுத்துவிடுமோ? கடலுக்குக் கொடுத்தால் இந்தப் பிள்ளையும் போய்விடுமோ? செபமாலையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றைத்தான் கேட்டேன். “மாதாவே, ஒருவரைத் தெரிவு செய்யச் சொல்லாதேயும். இரண்டு பேரையும் எனக்குத் தாரும்.”

மகள் ஒரு விடியற்காலையில் ஆஸ்பத்திரியில் பிறந்தாள். உடனே நெஞ்சில் போட்டார்கள். அவள் வாய் திறக்கவில்லை, அழவும் இல்லை. மதியம் வரைக்கும் தூங்கியபடியே கிடந்தாள். இனியும் குடிக்காவிட்டால் குழந்தைகள் பிரிவுக்கு மாற்றவேண்டும் என்று நேர்ஸ் சொல்லிவிட்டுப் போனார். அந்த நேரம் பார்த்து யூட்டும் மாமியும் வந்தார்கள். மாமியின் பைக்குள் சிரட்டை இருந்தது.

“கொஞ்சம் தா, பிள்ளை. அவன் கடலுக்குப் போகத்தானே வேணும்.”

மாமி சிரட்டையை நீட்ட, அழுத்திப் பார்த்தேன். ஒரு துளி வரவில்லை. கண்ணை மூடி மாதாவைக் கூப்பிட்டேன். அப்போது அந்த அழுகை கேட்டது. படகுகளின் பக்கம் கேட்ட அதே குரல். கண்ணைத் திறந்து பார்த்தேன். யன்னலுக்கு வெளியே வெறும் வெயில். வார்டில் எல்லாப் பிள்ளைகளும் நித்திரை. மாமியின் முகம் வெளிறிப்போனது.

“உனக்கும் கேக்குதோ?” என்றார் மெல்ல. “இவ்வளவு காலமும் எனக்கு மட்டும்தான் எண்டு நினைச்சிருந்தனான்.”

என் மார்பு கூசிப் பால் ஊறியது. சிரட்டைக்கு நேரே மஞ்சளாக ஒரு துளி திரண்டு நின்றது. மாமி சிரட்டையைப் பின்னுக்கு இழுத்தார்.

“பிள்ளைக்குக் குடு,” என்றார்.

கிளினிக்கில் கூரையைப் பார்த்திருந்த மனுஷன் எல்லாவற்றையும் கேட்டுத்தான் இருந்திருக்கிறார். “பிள்ளையின்ர சட்டையைக் கழட்டி உன்ர உடம்போட போடு. பாலை வாய்ச் சொண்டில தடவு. வாயைப் பெரிசாத் திறக்கும் மட்டும் பொறு, மிஸ் சொன்னவ,” என்றார் யூட். பொறுத்தேன். மகள் வாயைத் திறந்தாள், பிடித்தாள், விழுங்கினாள். வெளியே அழுகை நின்றுவிட்டது. அது என்னவென்று நான் யாரிடமும் கேட்கவில்லை.

ஒரு மாதம் கழித்து யூட் தொழிலுக்குப் போனார். மற்றப் படகுகள் எல்லாம் கரைக்கு வந்தும் அவருடையது வரவில்லை. காற்று ஏறிக்கொண்டிருந்தது. மாமியும் நானும் கரையில் கடலைப் பார்த்து நின்றோம். பின்னேரம் நாலு மணிக்கு அவருடைய படகு தெரிந்தது. எஞ்சின் பழுதாகி மெல்ல மெல்ல வந்து சேர்ந்தார்.

மாமி சந்தோஷப்படுவார் என்று திரும்பினேன். அவர் மணலில் குந்திவிட்டார்.

“அப்ப மூத்தவளின்ர பாலை நான் சும்மாவோ ஊத்தினனான்?”

அந்தப் பால் கொடுக்காததால்தான் பிள்ளை போனது என்று எவரும் சொன்னதில்லை. ஆனாலும் அந்த மனுஷி மீது நான் உள்ளுக்குள் வஞ்சம் வைத்திருந்தேன். அன்று அது என்னைவிட்டுப் போனது. நான் கேட்காத வரம் அது. பக்கத்தில் இருந்து அவரைக் கட்டிப்பிடித்து அழுதேன்.

பிள்ளையை எதிர்பார்த்திருக்கும் சகோதரிகளே, பயத்தை மாதாவிடம் கொடுங்கள், பாலைப் பிள்ளைக்குக் கொடுங்கள். கிளினிக்குக்குக் கணவரையும் மாமியையும் அழைத்துப் போங்கள். எங்கள் தெருவில் யாராவது வயிற்றோடு இருந்தால், இப்போது மாமிதான் முதல் ஆளாக அந்த வீட்டுப் படலையைத் திறக்கிறார். “நான் ஊத்தினனான். நீங்கள் ஊத்தாதேங்கோ,” என்று சொல்கிறார்.