குழாயின் மறுமுனை

நான் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறவள். கழற்றிப் பார்க்காமல் எதையும் நம்பாத பிழைப்பு. கடைக்கு வருகிறவர்கள் பேய், பிசாசு என்று ஆரம்பித்தால் ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு முறைப்பேன். அப்படிப்பட்ட நான்தான் இதை எழுதுகிறேன். என் கையில் நடந்தது, என் கண் முன்னால் நடந்தது. நம்பாதவர்களோடு மல்லுக்கு நிற்க எனக்கு நேரமில்லை. அவர்கள் இங்கேயே நிறுத்திவிட்டு வேறு வேலை பார்க்கலாம்.

இன்னொன்று. நடுராத்திரி, நாய் ஊளை, மல்லிகைப்பூ வாசம் என்று எதிர்பார்த்து உட்காராதீர்கள். இது போன மே மாதம், தார் ரோடு உருகுகிற ஒரு சனிக்கிழமை மத்தியானம் நடந்தது.

என் பெயர் பகவதி. மாப்பிள்ளையூரணியில் கடை வைத்திருக்கிறேன். அன்றைக்கு என்னைக் கூப்பிட்டவன் ரெக்சன். திரேஸ்புரத்துப் பையன், இருபத்திரண்டு வயது. படிப்பை முடித்துவிட்டு ராப்பகலாகக் கம்ப்யூட்டரில் கேம் ஆடுகிறவன். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே ஆடுவான். அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு அவனுக்கு ஒரு பெரிய ஆன்லைன் மேட்ச் இருந்தது. அதில் ஜெயித்தால் சென்னையில் ஒரு டீம் அவனைச் சம்பளத்துக்கு எடுத்துக்கொள்ளும். ஆனால் மூன்று வாரமாக அவன் கம்ப்யூட்டர் திக்கிக்கொண்டிருந்தது.

"நூத்தி நாப்பதுல ஓடுதுக்கா. பொசுக்குன்னு ஒம்பதுக்கு விழுது. மேட்ச்ல இப்படி ஆச்சுன்னா என் சோலி முடிஞ்சிது" என்றான் போனில்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு நொடிக்கு எத்தனை படம் திரையில் மாறுகிறது என்பதுதான் அந்த எண். நூற்று நாற்பது என்றால் வழுக்கிக்கொண்டு ஓடும். ஒன்பது என்றால் நீங்கள் துப்பாக்கியைத் திருப்புவதற்குள் எதிரி உங்களைச் சுட்டுவிட்டுப் போய்விடுவான்.

நான் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டு இருபது. கதவைத் திறந்தது அவன் அக்கா சுஜிதா. கூடத்தில் மாதா படம். அதற்குக் கீழே அவள் புருஷன் ரோச்சின் படம், முன்னால் ஒரு சின்ன சிவப்பு பல்பு. ரோச் கடலுக்குள் இறங்கிச் சங்கு எடுக்கிறவன். ஜனவரியில் கடலிலேயே போய்விட்டான். துட்டிக்கு, துக்கம் விசாரிக்க, நானும் வந்திருந்தேன்.

சுஜிதா உள்ளறையைக் கை காட்டினாள். தம்பி இருந்த பக்கம் திரும்பக்கூட இல்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு அக்காவும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை என்று பார்த்தவுடனே தெரிந்தது. எனக்கெதற்கு அடுத்த வீட்டுக் கதை? நான் வேலையைப் பார்க்கப் போனேன்.

ஜன்னலெல்லாம் சாத்திய அறை. ஏசி ஓடியது. கண்ணாடிப் பெட்டிக்குள் கலர் கலராக விளக்குகள். பிராசஸர் சூடாகாமல் இருக்க ஃபேனுக்குப் பதிலாகத் தண்ணீர் ஓடும் குழாய் போட்டிருந்தான். பம்ப் மெதுவாகச் சத்தம் போட்டது. குளுக்… குளுக்… உள்ளே காற்று மாட்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் ஊரில் பாதிக் கம்ப்யூட்டர் சாவது உப்புக் காற்றால்தான். ராம் மெமரியைக் கழற்றித் துடைத்தேன். கிராஃபிக்ஸ் கார்டைக் கழற்றி மாட்டினேன். டிரைவரை அழித்துப் புதிதாகப் போட்டேன். பின்னால் ஓடிய வேண்டாத புரோகிராமையெல்லாம் நிறுத்தினேன். கரண்ட் சரியாக வருகிறதா என்று மீட்டர் வைத்துப் பார்த்தேன். எல்லாம் சுத்தம்.

"ஆடு, பார்ப்போம்" என்றேன்.

அவன் ஆடினான். திரையின் மூலையில் எண்கள் ஓடின. நூற்று நாற்பது, நூற்று நாற்பத்திரண்டு… திடீரென்று ஒன்பது. படம் நின்றது. மறுபடி நூற்று நாற்பது. ஒன்பது. நூற்று நாற்பது. ஒன்பது. பிறகு ஒன்றுமே நடக்காதது போல வழுக்கிக்கொண்டு ஓடியது.

ஐந்து நிமிடம் கழித்து மறுபடியும். ஒன்று. இரண்டு. மூன்று. அதோடு சரி.

நான் பத்து வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன். பழுது என்றால் தாறுமாறாக வரும். இது எண்ணி வைத்த மாதிரி வந்தது.

சூடு எவ்வளவு என்று பார்த்தேன். அறுபத்தொன்று. பொதுவாக மிஷின் சூடு தாங்காமல்தான் திக்கும். அதனால் அடுத்த முறை அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். படம் மூன்று தடவை நின்றது. சூடு ஏறவில்லை. இறங்கியது. அறுபத்தொன்று… நாற்பது… இருபத்திரண்டு.

ஏசி இருபத்தாறில் இருந்தது.

அறையில் ஓடுகிற தண்ணீர் அறையைவிடக் குளிராது. சென்சார் கோளாறு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பெட்டியைத் திறந்து குழாயைத் தொட்டேன். விரல் விறைத்தது. அப்போதுதான் கவனித்தேன். மற்ற குழாய்களெல்லாம் கண்ணாடி மாதிரி இருந்தன. இந்த ஒன்று மட்டும் மங்கிப்போன மஞ்சள்.

"இத எங்க வாங்கின?"

அவன் என் பக்கம் திரும்பாமல் மௌஸைத் தடவிக்கொண்டிருந்தான்.

"ஏலே, உன்கிட்டதான் கேக்கேன்."

"பழைய டியூப் ஒழுகிட்டு. இங்கன கிடைக்கல. மாடில அத்தானோட ஹோஸ் சும்மா கெடந்துச்சு… ஒரு முழம் வெட்டினேன்."

சங்கு எடுக்கிறவர்கள் இப்போது மூச்சை அடக்கிக்கொண்டு இறங்குவதில்லை. மேலே நிற்கிற வள்ளத்தில் காற்றடிக்கிற கம்ப்ரஸர் ஓடும். அதிலிருந்து நீளமான ஹோஸ். ஒரு முனை வள்ளத்தில், மறுமுனை கீழே இருக்கிறவன் வாயில். கடலுக்கடியில் அவனுக்கு மூச்சு என்றால் அதுதான். செத்த மனிதன் கடைசியாக மூச்சு இழுத்த குழாயை வெட்டி, கேம் ஆடுவதற்கு மாட்டி வைத்திருக்கிறது இந்தப் பிள்ளை. எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்ததை அவன் மண்டையில் போட்டிருப்பேன். எப்போது மாட்டினாய் என்று கேட்டேன். மூன்று வாரம் ஆகிறது என்றான்.

அதைக் கழற்றிவிட்டுச் சாதாரண ஃபேன் மாட்டுகிறேன் என்றேன். என் பையில் ஒன்று இருந்தது. தலையாட்டினான். அவனுக்கு மேட்ச் நடந்தால் போதும்.

கம்ப்யூட்டரை நிறுத்தினேன். பிளக்கையும் பிடுங்கினேன். தண்ணீரை வாளியில் வடித்தேன். குப்பென்று ஒரு நாற்றம் வந்தது. சங்குச் சதையைக் கரையில் அழுக விடுவார்களே, அந்த நாற்றம். ஏசி அறைக்குள், சாத்திய ஜன்னலுக்குள்.

மஞ்சள் குழாயை உருவி எடுத்தேன். ஒரு முழம். இரண்டு பக்கமும் திறந்திருந்தது. துடைக்கலாம் என்று வலது கையில் பிடித்தேன். சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்று பத்து.

குளுக்…

பம்ப் நின்று ஐந்து நிமிடம் ஆகியிருந்தது.

குளுக்… குளுக்…

சத்தம் என் கையிலிருந்து வந்தது.

குழாய் இழுபட்டது. எதிலோ மாட்டியிருக்கிறது என்று நினைத்தேன். மறுமுனையைப் பார்த்தேன். அது அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

மறுபடி ஒரு இழுப்பு. என் தோள்பட்டை வரை இழுத்தது.

மூன்றாவது இழுப்பு.

விடவும் முடியவில்லை. பயத்தில் இன்னும் இறுக்கிப் பிடித்தேன். அப்போது என் உள்ளங்கை குழாயின் வாயில் பட்டது.

ஒட்டிக்கொண்டது.

அந்தப் பக்கமிருந்து யாரோ… உறிஞ்சினார்கள்.

உள்ளங்கைத் தோல் குழாய்க்குள் போவது தெரிந்தது. கத்தினேன். சத்தம் வரவில்லை.

தடால்.

ரெக்சன் நாற்காலியோடு கீழே கிடந்தான். இரண்டு கையும் கழுத்தில். வாய் திறந்திருந்தது. நெஞ்சு அசையவில்லை. உதடு நீலம். கண் என்னைப் பார்க்கவில்லை. மேலே, எங்கேயோ உயரத்தில் பார்த்தது.

என் கை குழாயை மூடியிருந்தது…

எனக்கு எப்படிப் புரிந்தது என்று கேட்காதீர்கள். புரிந்தது. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்து, பலம் கொண்ட மட்டும் பிய்த்து இழுத்தேன்.

ப்ளக்.

கை விடுபட்டது. அதே நொடியில் ரெக்சன் ஊளையிடுவது போல மூச்சை இழுத்தான்.

குழாய் தரையில் கிடந்தது. அசையவில்லை. ஒரு முழம் மஞ்சள் ரப்பர், அவ்வளவுதான்.

நிமிர்ந்தேன். வாசலில் சுஜிதா நின்றாள். எப்போது வந்தாள் என்று தெரியாது. தம்பி தரையில் இருமிக்கொண்டு கிடந்தான். அவள் அவனைத் தூக்கப் போகவில்லை. குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. ரெக்சன் எழுந்தான், முகத்தைக் கழுவினான், ஃபேனை மாட்டித் தரச் சொன்னான். உயிர் போய் வந்தவன் பேசுகிற பேச்சா அது? மாட்டிக் கொடுத்தேன். இந்த வீட்டை விட்டுப் போனால் போதும் என்று இருந்தது. கம்ப்யூட்டர் சொன்ன சொல் கேட்டது. நூற்று நாற்பது. ஒரு திக்கல் இல்லை.

குழாயை எரித்துவிடலாம் என்று பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். சுஜிதா என்னை அடுப்பங்கரைக்குக் கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தாள். என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். நடுவில் வட்டமாகச் சிவந்து கன்றியிருந்தது.

என்ன நடந்தது என்று கேட்டாள். சொன்னேன். சொன்னால் எனக்கு ஆறும் என்றுதான் சொன்னேன். குழாய் இழுத்தது என்றேன்.

"எத்தன தடவ இழுத்துது?"

"மூணு."

அவள் என் கையை விட்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். முத்துக் குளித்த காலத்திலிருந்து இந்தக் கரையில் உள்ள வழக்கமாம். கடலுக்குள் இறங்குகிறவனின் கயிற்றை அவன் மச்சினன்தான் பிடிக்க வேண்டும். கூடப்பிறந்தவளின் தாலி அதில் இருப்பதால் அவன் அசர மாட்டான் என்று நம்பிக்கை. இப்போது கயிறு போய் ஹோஸ் வந்துவிட்டது. வழக்கம் போகவில்லை. ஜனவரியில் அந்த வள்ளத்தில் ஹோஸைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் ரெக்சன்.

கீழே காற்று வரவில்லை என்றால் மூன்று தடவை இழுக்க வேண்டும். மேலே இருக்கிறவன் உடனே தூக்க வேண்டும்.

"ஹோஸு மடங்கிக் கெடந்துருக்கு. இவன் போன்ல கேம் ஆடிக்கிட்டு இருந்தாம்னு வள்ளத்துல வந்தவங்க சொன்னாங்க. இவன் இல்லவே இல்லன்னான். ஹோஸு அசையவே இல்ல, அத்தான் இழுக்கவே இல்லன்னு மாதா மேல சத்தியம் பண்ணினான். நானும் நம்பத்தான் பாத்தேன்க்கா, அவங்கிட்ட பேசத்தான் முடியல. ஒரு தடவகூடவா இழுக்காம செத்துருப்பாவன்னு தினமும் யோசிப்பேன். ஒண்ணு பத்துக்குத்தான் அவியள மேல தூக்கினாங்க."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"அத என்கிட்ட குடுங்க" என்றாள்.

புருஷனின் பொருள், கேட்கிறாள். பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவள் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"எந்த முனையக்கா மூடினிய?"

நான் காட்டினேன்.

சாயங்காலம் ரெக்சன் ஜெயித்தான். அடுத்த வாரமே சென்னைக்குப் போய்விட்டான். என் உள்ளங்கை வட்டம் மறைய ஒரு மாதம் ஆயிற்று. மனம் குழம்பியதில் ஏதோ கற்பனை செய்துவிட்டேன் என்றே சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஆகஸ்ட் வரை.

ஆகஸ்டில் ஒரு நாள் மத்தியானம் கடையில் போன் அடித்தது. சென்னை டீமின் மேனேஜர். ரெக்சனின் பழைய சிஸ்டத்தைப் பார்த்தது நான்தானே என்று கேட்டார். ஆமாம், அங்கேயும் திக்குகிறதா என்றேன்.

"சிஸ்டம் எல்லாம் புதுசு மேடம். தண்ணிக் குழாயே கிடையாது. மெஷின் நல்லாதான் ஓடுது" என்றார். "அவன்தான் நிக்கறான்."

நான் கையிலிருந்த ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தேன்.

தினமும் மத்தியானம் ஆடிக்கொண்டே இருப்பானாம். மூன்று தடவை உடம்பு தூக்கிப் போடுமாம். பிறகு மூச்சு நின்றுவிடுமாம். முதலில் அரை நிமிடம் நின்றது, நாளுக்கு நாள் நீண்டுகொண்டே போகிறது என்றார். டாக்டர்கள் எல்லா டெஸ்டும் எடுத்துவிட்டார்கள். நெஞ்சில் ஒரு கோளாறும் இல்லை. அவனைக் கேட்டால் உங்கள் நம்பரைக் கொடுத்து, பகவதியக்காவைக் கேளுங்கள் என்று மட்டும் சொல்கிறான் என்றார்.

எத்தனை மணிக்கு என்று நான் கேட்கவில்லை. போனை வைத்தேன். கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்று எட்டு.

சுஜிதாவுக்கு அடித்தேன். உடனே எடுத்தாள்.

"சுஜி… அந்த ஹோஸ் எங்க இருக்கு?"

"கையிலதான்க்கா இருக்கு" என்றாள். குரலில் ஒரு பதற்றமும் இல்லை. "நேரமாவுது. வைக்கட்டா?"