சிவகாசி அச்சகத்தில் ஒரு நெட்வொர்க் கார்டும் நான் சொன்ன பொய்யும்

போன ஜூனில், ஆனி பிறந்து ஒரு வாரம் இருக்கும், திருச்சியிலிருந்து சிவகாசிக்குப் போனேன். சுற்றிப் பார்க்க இல்லை, வேலைக்கு. சர்வர் கணினிகளில் பாகங்கள் மாட்டுவதும் லினக்ஸ் அமைத்துக் கொடுப்பதும் என் தொழில். அதற்காகப் போகும் ஊர்களைப் பற்றி இங்கே எழுதுவது என் பொழுதுபோக்கு. இந்தப் பயணத்தை எழுதாமல் நான்கு மாதம் தள்ளிப்போட்டேன். ரயில் நேரம் மறந்துவிட்டது என்றெல்லாம் சாக்குச் சொல்ல மாட்டேன். வெட்கம், அவ்வளவுதான்.

முதலில் வழி. திருச்சியில் அதிகாலை 5.20 ரயில், முன்பதிவில்லாத பெட்டி, 85 ரூபாய். மதுரை வரை நின்றுகொண்டு வந்தேன், அதன் பிறகு ஜன்னலோரம் கிடைத்தது. விருதுநகரில் இறங்கும்போது 8.35. ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததுமே காற்றில் மிளகாய் வற்றல் நெடி. எனக்கு நாலு தும்மல், பக்கத்தில் நின்ற யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பஸ் நிலையத்தில் சிவகாசி வண்டிக்கு ஐந்து நிமிடம்கூடக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆமத்தூர், திருத்தங்கல் வழியாக 27 கிலோமீட்டர், 50 நிமிடம், 25 ரூபாய். மாலையில் திரும்பும்போது இடது பக்கம் உட்காராதீர்கள், வெயில் அந்தப் பக்கம்தான் அடிக்கும்.

சிவகாசியில் ஆட்டோ. நான்கு கிலோமீட்டருக்கு 120 கேட்டார், 100க்கு வந்தார். பட்டாசு வாங்கவா என்றார். இல்லை, அச்சகத்துக்கு என்றேன். "அப்ப வெரசாப் போவோம் சார். ஆடி பதினெட்டுக்கு ஆல்பம் போடணும்ல, பிரஸ்காரகளுக்கு இப்ப மூச்சு விட நேரம் கிடையாது" என்றார். வரும் ஆண்டின் காலண்டர் மாதிரிகளைத் தொகுத்து ஆடிப்பெருக்கு அன்று ஆல்பமாக வெளியிடுவது அந்த ஊர் வழக்கம். என்னைக் கூப்பிட்டதும் அதற்காகத்தான்.

அச்சகத்தில் காலண்டர் படங்கள் எல்லாம் ஒரு லினக்ஸ் சர்வரில் இருக்கின்றன. டிசைன் போடுகிறவர்கள் எட்டுப் பேர். எல்லோரும் ஒரே நேரத்தில் கோப்புகளை இழுத்தால் பிளேட், அதாவது அச்சுக்கான தகடு, அடிக்கும் மெஷின் வேலையில்லாமல் நிற்கும். பழைய நெட்வொர்க் இணைப்பின் வேகம் வினாடிக்கு ஒரு கிகாபிட். அதற்குப் பதிலாக, கேபிள் செருக இரண்டு போர்ட் உள்ள இருபத்தைந்து கிகாபிட் கார்டு ஒன்றைச் சர்வரில் மாட்டி, நாற்பது மீட்டர் தள்ளி இருக்கும் பிளேட் ரூம் வரை கண்ணாடி இழையாலான ஃபைபர் கேபிளில் இணைக்க வேண்டும். என் கணக்கில் மூன்று மணி நேர வேலை. மாலை ரயிலைப் பிடித்து ராத்திரி வீட்டில் சாப்பிடலாம் என்று இருந்தேன்.

முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்கிறார்கள். வாசலுக்கே வந்து, "வாங்க சார், சாப்பிட்டீகளா?" என்று கேட்டு, இட்லி வரவழைத்துச் சாப்பிடவைத்த பிறகுதான் சர்வர் ரூமைக் காட்டினார். ரூம் முனீஸ்வரியின் பொறுப்பில் இருந்தது. அவருக்கு முப்பத்தெட்டு வயது, ஊர் விஸ்வநத்தம். ஏழு வருடம் பட்டாசுத் தொழிற்சாலையில் திரி செருகும் வேலை பார்த்தவர். பிறகு இங்கே பைண்டிங்கில் சேர்ந்து, கம்ப்யூட்டர் கற்று, பிளேட் ரூமுக்கு வந்து, இப்போது சர்வர் ரூம் சாவி அவர் இடுப்பில். அந்தச் சாவி கிடைத்து மூன்று மாதம்தான் ஆகிறது என்று அண்ணாச்சி சொன்னார். ஃபைபர் கேபிளையும் போன வாரமே முனீஸ்வரிதான் ஏணி வைத்து ஏறி, மேற்கூரைக்குள் இழுத்து வைத்திருந்தார்.

சர்வர் ரூம் வாசலில், கைக்கெட்டும் உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு செம்புத் தகடு அடித்திருந்தது. அதிலிருந்து ஒரு கம்பி சுவர் வழியாக எர்த் குழிக்குப் போகிறது. முனீஸ்வரி செருப்பைக் கழற்றிவிட்டு, தகட்டில் கையை வைத்து எடுத்துவிட்டு உள்ளே போனார். பட்டாசுத் தொழிற்சாலைகளில் வெடிமருந்து இருக்கும் அறைக்குள் நுழையும்போது இப்படிச் செய்கிறார்கள். உடம்பில் ஏறியிருக்கும் நிலைமின்சாரம் இறங்கிவிடும். இல்லாவிட்டால் ஒரு பொறி போதும். சர்வர் ரூமுக்கும் அது வேண்டும் என்று அவரே எலக்ட்ரீஷியனிடம் சொல்லி அடிக்கவைத்தாராம்.

"தொட்டுட்டு வாங்க சார்" என்றார் என்னிடம்.

நான் சிரித்தேன். "இது வெடிக்கிற ரூம் இல்லம்மா" என்றேன். அண்ணாச்சி சிரித்தார், கதவருகே நின்றுகொண்டிருந்த டிசைன்காரர்கள் எட்டுப் பேரும் சிரித்தார்கள். ஒரு ஊருக்குப் போய் இறங்கிய ஒரு மணி நேரத்தில் எல்லோரையும் சிரிக்கவைத்துவிட்டேன் என்று எனக்கு உள்ளூரப் பெருமை. முனீஸ்வரி சர்வரை அணைத்து, மூடியைக் கழற்றி வைத்தார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கார்டைத் தொடும் முன் உடம்பிலிருந்து நிலைமின்சாரத்தை இறக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் முதல் நாள் பாடம். நானே பத்துப் பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அதற்கென்று மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் பட்டை என் பையின் பக்க அறையிலேயே கிடந்தது. நான் போட்டிருந்தது பாலியஸ்டர் டீ-ஷர்ட். ஏசி ஓடி ஓடி ரூமில் காற்று வறண்டிருந்தது. சக்கரம் வைத்த நாற்காலியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக உருண்டுவிட்டு, வெள்ளி நிற உறையிலிருந்து கார்டை வெளியே எடுத்தேன். விரல் நுனியில் சுருக்கென்றது. எனக்குத் தெரிந்தது, தெரியாத மாதிரி மாட்டினேன்.

மீதி வேலை ஒழுங்காகத்தான் போனது. சர்வரை மூடி, இயக்கி, கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருள் ஏறிவிட்டதா என்று லினக்ஸின் கெர்னல் பதிவைப் பார்த்தேன். ஏறியிருந்தது. முதல் போர்ட்டில் கேபிளைச் செருகினேன், பச்சை விளக்கு எரிந்தது, இருபத்தைந்து கிகாபிட் என்று காட்டியது. அண்ணாச்சி கைதட்டினார். மூன்று ஜிபி கோப்பு ஒன்றை அனுப்பிப் பார்த்தேன். பாய்ந்து கிளம்பியது, பாதியில் முக்கியது, நின்றது. கார்டின் எண்ணிக்கைகளைக் காட்டும் எத்டூல் கட்டளையைப் போட்டால், சிதைந்து வந்த தகவல்களின் எண்ணிக்கை ஆட்டோ மீட்டர் மாதிரி ஏறிக்கொண்டிருந்தது.

இப்படி வந்தால் காரணம் கேபிளாக இருக்கலாம், கார்டாக இருக்கலாம், எதிர்முனையாக இருக்கலாம். ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்க வேண்டும். நான் மாற்றிப் பார்க்கவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அண்ணாச்சி "என்ன சார்?" என்றார், என் வாய் முந்திக்கொண்டது. கேபிளை இழுக்கும்போது மடித்திருப்பார்கள், ஃபைபர் தெரியாதவர்கள் இழுத்தால் இப்படித்தான் ஆகும் என்றேன்.

அண்ணாச்சி முனீஸ்வரியைப் பார்த்துக் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "சீசன் நேரத்துல இப்படிப் பண்ணிட்டியேம்மா. சாவி இனி எங்கிட்ட இருக்கட்டும்" என்று கையை நீட்டினார். முனீஸ்வரி சாவியைக் கழற்றிக் கொடுத்தார். மடிக்கவில்லை என்று ஒரே ஒரு தடவை சொன்னார், அதற்கும் நான்தான் பதில் சொன்னேன். வெளியே பார்த்தால் தெரியாதும்மா, உள்ளே ஒடிந்திருக்கும் என்றேன்.

கையிருப்பில் இன்னொரு கேபிள் இருந்தது. இரண்டு மணி நேரம் ஏணியில் நின்று அதையும் முனீஸ்வரிதான் இழுத்தார். ஜூன் மாத மத்தியானத்தில் தகரக் கூரைக்கும் அட்டைக் கூரைக்கும் நடுவே தலையை விட்டுக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். நான் ஏசியில் மோர் குடித்துக்கொண்டிருந்தேன். மூன்று மணிக்கு முனீஸ்வரி கீழே இறங்கி, தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு சாப்பிடப் போனார். புதுக் கேபிளைச் செருகினேன். அதே கோளாறு.

அப்போதுதான் இரண்டாவது போர்ட்டில் மாற்றிச் செருகினேன். கோப்பு மூச்சு விடாமல் ஓடியது, சிதைவு பூஜ்யம். பிளேட் ரூமுக்கு நடந்துபோய் எதிர்முனையில் பழைய கேபிளை மறுபடி செருகிவிட்டு வந்து, இந்த முனையில் அதையும் இரண்டாவது போர்ட்டில் போட்டேன். அதுவும் பூஜ்யம். முனீஸ்வரி இழுத்த கேபிளில் ஒரு குறையும் இல்லை. கெட்டது முதல் போர்ட். கோர்ட்டில் நிரூபிக்க முடியாது, ஆனால் கெடுத்தது என் விரல் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

ரூமில் யாரும் இல்லை. புதுக் கேபிளையே மறுபடி போட்டுவிட்டு, அண்ணாச்சியைக் கூப்பிட்டு, கேபிள் மாற்றியதும் சரியாகிவிட்டது என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நாலரை மணிக்கு அவருடைய காரிலேயே பஸ் நிலையத்தில் இறக்கிவிட்டார்கள்.

மாலை ரயிலில் ஏறவில்லை. விருதுநகரில் பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு லாட்ஜில் ரூம் போட்டேன், 700 ரூபாய், தண்ணீர் நன்றாக வருகிறது. ஆறரைக்கு எண்ணெய்ப் பரோட்டா சாப்பிடப் போனேன். விருதுநகர் வந்தால் அதைச் சாப்பிடாமல் போகாதீர்கள் என்று எழுதுவதுதான் என் வழக்கம். கல்லில் எண்ணெய்க்குள் பொரித்து மொறுமொறுவென்று எடுத்துப் போட்டார்கள், இரண்டு பரோட்டா 40 ரூபாய். ருசியைப் பற்றி எழுத எதுவும் இல்லை, ஒன்றைப் பிய்த்து அப்படியே வைத்துவிட்டு வந்தேன். அந்தச் சாவியை இடுப்பிலிருந்து கழற்ற முனீஸ்வரிக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அதுதான் திரும்பத் திரும்ப வந்தது.

மறுநாள் காலை 6.15க்கு சிவகாசி பஸ். அங்கிருந்து விஸ்வநத்தத்துக்கு ஆட்டோ, 80 ரூபாய். முனீஸ்வரி என்று கேட்டதும் வீட்டைக் காட்டினார்கள். அவர் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தில் எதுவும் மாறவில்லை, நாற்காலி எடுத்துப் போட்டார். நான் உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னேன். தகட்டைத் தொடாதது, விரலில் சுருக்கென்றது, பழைய கேபிள் நன்றாக ஓடியது, அதன் பிறகும் பொய் சொன்னது. மன்னித்துவிடுங்கள் என்றேன்.

"எனக்குத் தெரியும் சார். சாப்பிட்டு வந்து பார்த்தேன், பிளேட் ரூம்ல நான் மாட்டுன கேபிள் வேற மாதிரி திருகி இருந்துச்சு. சர்வர்ல போர்ட்டும் மாறி இருந்துச்சு" என்றார்.

தூக்குச்சட்டியைக் கையில் எடுத்துக்கொண்டார். பிறகு சொன்னார். "எங்கிட்ட எதுக்கு சார் சொல்றீக? என்னைச் சொன்னது அங்கன, அம்புட்டுப் பேரு முன்னாடி. இங்கன வந்து தனியாச் சொன்னா அது உங்களுக்குத்தான் ஆறும்."

கம்பெனி வேன் வந்தது, அவர் ஏறிப் போய்விட்டார். நான் ஆட்டோவில் பின்னாலேயே போனேன். ஒன்பது மணிக்கு எல்லோரும் இருந்தார்கள். டிசைன் ரூமில் நடுவில் நின்று, கேபிளில் தப்பில்லை, கார்டைக் கெடுத்தது நான்தான், தெரிந்தும் பொய் சொன்னேன் என்றேன். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. எட்டுப் பேரில் ஒருவரும் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை, ஆனால் ஒரு மௌஸ்கூட அசையவில்லை.

அண்ணாச்சி முனீஸ்வரி பக்கம் திரும்பி, "ஏம்மா, நீ நேத்தே சொல்லியிருக்கலாம்ல?" என்றார்.

"முதல்லயே சொன்னேன் அண்ணாச்சி. எல்லாரும் சிரிச்சீக" என்றார் அவர்.

அண்ணாச்சி சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து முனீஸ்வரியின் மேசையில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். யாரும் எனக்கு டீ சொல்லவில்லை. பஸ் நிலையத்துக்கு நடந்தே போனேன், 55 நிமிடம். அதை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன், வழியில் ஒரு மரமில்லை.

நீங்கள் போகிறீர்கள் என்றால் சில விஷயங்கள். தீபாவளிக்கு முந்தைய மாதம் லாட்ஜ் கிடைப்பது கஷ்டம், விருதுநகரில் தங்கிக்கொண்டு போய் வாருங்கள். பட்டாசு வாங்கினால் ரயிலில் கொண்டுவரக் கூடாது. வேலையாகப் போகிறவர்கள் பருத்திச் சட்டை போடுங்கள், வெயிலுக்கும் நல்லது. சர்வரில் கார்டு மாட்டப் போகிறவர்கள் முதலில் எர்த்தைத் தொடுங்கள், கோப்பு தடுமாறினால் கேபிள், போர்ட், எதிர்முனை மூன்றையும் மாற்றிப் பார்த்த பிறகே வாயைத் திறங்கள். எனக்கு அது பத்து நிமிட வேலையாக இருந்திருக்கும்.

என் செலவில் புதுக் கார்டு வாங்கி அண்ணாச்சிக்குப் போன் செய்தேன். எந்த நாள் வரட்டும் என்று கேட்டேன். "நீங்க வர வேண்டாம் சார், கூரியர்ல போடுங்க. முனீஸ்வரியே மாட்டிருவா. சந்தேகம்னா உங்களுக்குப் போன் போடுவா" என்றார். ஆல்பம் ஆடி பதினெட்டுக்கு வெளிவந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். எனக்கு இதுவரை போன் வரவில்லை.